வாசலில் நிற்பவருக்குக் கண்கள் வேண்டும்

(விடுதி மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு)



கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாளை நம்மில் எவர் மறக்க முடியும்? ஒரு கையில் பெட்டி, மறு கையில் வாளி, போதாக்குறைக்கு அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா. கண்ணீர் காயும் முன்னே வாசலில் உள்ள நீண்ட பெஞ்சின்மேல் பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். வார்டன் சிஸ்டர் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்ப்பார்கள். "நாம் என்ன திருடிகளா?" என்று நம்மில் பலர் முணுமுணுத்ததுண்டு. நானும் முணுமுணுத்தவள்தான். ஆனால் இந்த ஆண்டு அந்தப் பெஞ்சைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், எங்கள் வரலாற்று ஆசிரியை, எல்லைகளில் போதைப் பொருள் கடத்தலைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சில சட்டங்களைப் பற்றி விளக்கினார்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "கடத்தலைத் தடுப்பது எது? கடுமையான தண்டனையா, கவனமான சோதனையா?" வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே தண்டனைக்குக் கை தூக்கினோம். "பிடித்தால் தூக்கில் போட வேண்டும், மிஸ்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நானும் கை தூக்கினேன். மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு விடுதி வரை வந்தது. யோசிக்க யோசிக்க, அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றே தோன்றியது. நூலகத்தில் தேடிப் படித்ததையும், என் வாழ்வில் கண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

துளியளவு நஞ்சு

போதைப் பொருள் என்றதும் கஞ்சா மூட்டைகளும் அபின் கட்டிகளும்தாம் நம் நினைவுக்கு வரும். இன்று உலகை அச்சுறுத்தும் நஞ்சு அவ்வளவு பெரியதன்று. அதன் பெயர் ஃபெண்டனில். பெல்ஜியம் நாட்டு மருத்துவ அறிஞர் பால் ஜான்சன் என்பவர் 1960-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய வலி நீக்கி மருந்து இது. அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் கையில் இருக்கும் வரை, இது மனித குலத்துக்குக் கிடைத்த நன்மையே. கடத்தல்காரன் கைக்குப் போனபின் கொலைக் கருவியாகிவிட்டது.

ஃபெண்டனில் ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுடையது. 2 மில்லி கிராம் அளவே ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானது என்று அமெரிக்க அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். கணக்கு நமக்குத் தெரியாததா? 1 கிலோ கிராமில் எத்தனை 2 மில்லி கிராம்? ஐந்து லட்சம்! நாம் கடையில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடைதான். அதற்குள் ஐந்து லட்சம் உயிர்களைப் பறிக்கும் நஞ்சு அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் அளவுக்கு மீறிய போதையால் இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஃபெண்டனில் போன்ற செயற்கைப் பொருள்களால் இறந்தவர்கள். இவர்களெல்லாம் தெருவோரம் கிடந்த குடிகாரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சாதாரண வலி மாத்திரை என்று நம்பி, போலி மாத்திரையை விழுங்கிய பள்ளி மாணவ மாணவியரும் அவர்களில் உண்டு. நம் வயதினர்! ஒரே ஒரு மாத்திரை! நினைக்கவே நெஞ்சு பதறுகின்றதல்லவா?

மூன்று சட்டங்கள்

இத்துணை சிறிய நஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? லாரியில் மூட்டை மூட்டையாக வந்த பொருளை நாய் மோப்பம் பிடிக்கலாம், அதிகாரி கையால் தடவிப் பார்க்கலாம். ஆனால் கடித உறைக்குள் வரும் ஒரு சிட்டிகைத் தூளை என்ன செய்வது? தெரியாமல் திறந்தால் அதிகாரிக்கே ஆபத்து நேரலாம் என்ற அச்சமும் இருந்தது. இந்தக் கேள்விக்கு விடை தேடி அந்நாட்டில் மூன்று சட்டங்கள் வந்தன.

முதலாவது, 2018 ஜனவரி 10 அன்று கையெழுத்தான 'இன்டர்டிக்ட்' சட்டம். மாசசூசெட்ஸ் மாநிலத்து செனட்டர் எட்வர்ட் மார்க்கி முதலியோர் இதற்காகப் பாடுபட்டனர். இரு கட்சியினரும் சேர்ந்து ஆதரித்தனர். பொருள் இன்னதென்று அறிய உதவும் வேதியியல் சோதனைக் கருவிகளை வாங்க 90 லட்சம் டாலர் செலவிட இச்சட்டம் அனுமதி தந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இதன் மற்றொரு பகுதி. சோதனை நடக்கும் நேரம் முழுவதும், கருவி காட்டும் முடிவைப் படித்துச் சொல்ல விஞ்ஞானிகளும் பணியில் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. கருவியை வாங்கி மூலையில் வைத்தால் போதாது, அதைப் புரிந்துகொள்ளும் மனிதரும் வேண்டும் என்பதை அந்தச் சட்டம் மறக்கவில்லை.

இங்கே நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. எல்லை அதிகாரிகள் கையில் பிடிக்கும் இத்தகைய கருவிகளில் ஒரு வகை, பொருளின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைக் கொண்டு அதன் இயல்பை அறிகிறது. இப்படி ஒளி சிதறும்போது அதன் நிறம் சிறிது மாறுவதை 1928-ல் கண்டறிந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்றவர் யார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. ராமன் அவர்களே! இயற்பியல் பாடத்தில் நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் ராமன் விளைவு, எங்கோ ஓர் எல்லையில் ஒரு குழந்தையின் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, 2018 அக்டோபர் 24 அன்று ஒரு பெரிய சட்டத்தின் பகுதியாக வந்த 'ஸ்டாப்' சட்டம். இது அஞ்சலைப் பற்றியது. தனியார் கூரியர் நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து பொட்டலம் கொண்டுவந்தால், அனுப்புவது யார், பெறுவது யார், உள்ளே இருப்பது என்ன என்ற விவரத்தை முன்கூட்டியே மின்னணு முறையில் தர வேண்டும் என்ற விதி, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்துவிட்டது. அரசு அஞ்சலுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. திருடன் எந்த வழியில் வருவான்? பூட்டாத கதவு வழியாகத்தானே! அஞ்சல் உறைகளில் நஞ்சு வந்து குவிந்தது. அந்தக் கதவைச் சாத்த வந்ததே இச்சட்டம். 2020-ஆம் ஆண்டு முடிவுக்குள் வெளிநாட்டுப் பொட்டலங்கள் அனைத்துக்கும் முன் விவரம் பெற வேண்டும் என்று அது கெடு வைத்தது. 2019 மே மாதம் முதல் சீன அரசும் ஃபெண்டனில் வகைப் பொருள்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது.

கடத்தல்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. மூலப் பொருள்களை மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், அங்கே ஃபெண்டனில் தயாரித்து, தரை வழியாக லாரியிலும் காரிலும் அனுப்புவது பெருகியது. ஆகவே மூன்றாவது சட்டம் தேவைப்பட்டது. 2021 ஜனவரி 5 அன்று கையெழுத்தான அச்சட்டம், தரை எல்லை வாசல்களில் நுழையும் கார், லாரி, சரக்கு ரயில் ஆகிய அனைத்தையும், ஒன்று விடாமல், ஊடுகதிர்க் கருவிகளால் சோதிப்பதற்கு ஒரு திட்டம் வகுத்துத் தருமாறு அரசைப் பணித்தது. அதுவரை எவ்வளவு வாகனங்கள் இப்படிச் சோதிக்கப்பட்டன தெரியுமா? பயணிகள் கார்களில் நூற்றுக்கு 2 அளவே. சரக்கு லாரிகளில் நூற்றுக்கு 15 முதல் 17 வரை. மற்றவை அதிகாரியின் அனுபவத்தையும், நாயின் மூக்கையும், அதிர்ஷ்டத்தையும் நம்பியே விடப்பட்டன.

வேலியா, வாசலா?

"எல்லை முழுவதும் உயரமான வேலி போட்டுவிட்டால் போதாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே உள்ள எல்லை 3,100 கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. ஆனால் பிடிபடும் ஃபெண்டனிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், சட்டப்படி திறந்திருக்கும் நுழைவாயில்களிலேயே அகப்படுகிறது என்று அந்நாட்டு அரசே கூறியிருக்கிறது. தேடும் இடத்தில்தானே பொருள் அகப்படும் என்று வாதிடலாம். அது உண்மையே. ஆயினும் கடத்தல்காரன் நோக்கிலிருந்து சிந்தித்துப் பாருங்கள். ஒரு கிலோ பொருளை முதுகில் சுமந்து பாலைவனத்தில் பல நாள் நடப்பது எளிதா, ஆயிரம் கார்களுக்கு நடுவே ஒரு காரின் கதவுக்குள் மறைத்துக் கொண்டுபோவது எளிதா?

சான் டியேகோ நகருக்கும் டிஹுவானா நகருக்கும் இடையே உள்ள சான் இசித்ரோ என்னும் ஒரு வாசலில் மட்டும் நாள்தோறும் சுமார் 70,000 வாகனப் பயணிகளும் 20,000 பாதசாரிகளும் வடக்கு நோக்கி நுழைகின்றனர். வேலைக்குச் செல்வோர், பள்ளிக்குச் செல்வோர், உறவினரைக் காணச் செல்வோர் என்று அத்தனை பேரும் நல்லவர்களே. அந்த நல்லவர்களின் கூட்டமே கடத்தல்காரனுக்கு மறைவிடம்.

2019 ஜனவரியில் அரிசோனா மாநிலத்து நோகாலஸ் வாசலில் ஒரு லாரி வந்தது. ஏற்றி வந்தது வெள்ளரிக்காய். சோதனைக் கருவியில் பார்த்தபோது லாரியின் தரைப் பகுதியில் ஏதோ வேறுபாடு தெரிந்தது. நாயும் மோப்பம் பிடித்து உறுதி செய்தது. தரைக்குக் கீழே இருந்த இரகசிய அறையில் ஏறத்தாழ 115 கிலோ ஃபெண்டனில்! நாம் முன்பு போட்ட கணக்கின்படி, ஐந்தே முக்கால் கோடி உயிர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் அளவு அது. அதனோடு வேறு வகைப் போதைப் பொருளும் ஏராளமாக இருந்தது. அது வரையில் அந்நாட்டு எல்லையில் பிடிபட்ட ஃபெண்டனிலில் அதுவே மிகப் பெரிய அளவு. அன்று அந்தக் கருவி அங்கே இல்லாதிருந்தால்? வெள்ளரிக்காய் சந்தைக்குப் போயிருக்கும். நஞ்சும் கூடவே போயிருக்கும். எவ்வளவு கடுமையான தண்டனைச் சட்டம் புத்தகத்தில் இருந்தும் என்ன பயன்?

இங்கேதான் அன்று வகுப்பில் நான் செய்த தவறு எனக்கு விளங்கியது. தண்டனை என்பது பிடிபட்டவனுக்கு. பிடிபடாதவனுக்கு ஏது தண்டனை? நூறு கார்களில் இரண்டே சோதிக்கப்படும் என்றால், கடத்தல்காரன் தூக்குக் கயிற்றுக்கும் அஞ்ச மாட்டான். நூறிலும் சோதனை உண்டு என்று தெரிந்தால், ஐந்தாண்டுச் சிறைக்கே அஞ்சுவான்.

ஆள் பார்த்துச் சோதிப்பது

இனி நான் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்பள்ளிக்கு வருமுன், ஆறாம் வகுப்பில் வேறோர் ஊரில் ஒரு விடுதியில் இருந்தேன். அங்கேயும் பெட்டிச் சோதனை உண்டு. ஆனால் காரில் வந்து இறங்கிய பிள்ளைகளின் பெட்டிகள் திறக்கப்படவில்லை. பஸ்ஸில் வந்தவர்களின், கயிறு கட்டிய பெட்டிகள் மட்டும் அடிவரை கலைக்கப்பட்டன. என் உள்பாவாடைகளையும் பழைய துண்டையும் எல்லோர் முன்னிலும் உதறிப் பார்த்தார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைப் பார்த்தபடி நின்றார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஒரு மாதம் கழித்து, தடை செய்யப்பட்ட செல்போன் ஒன்று விடுதியில் அகப்பட்டது. யாருடைய பெட்டியில்? காரில் வந்தவளின் பெட்டியில்!

எல்லையிலும் இதுவே கதை. அயல்நாட்டவன், ஏழை, கறுத்தவன், பாஷை தெரியாதவன் என்று பார்த்துப் பார்த்துச் சோதித்தால் கடத்தலைப் பிடித்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அமெரிக்காவில் ஃபெண்டனில் கடத்திய குற்றத்துக்காக 2022-ல் தண்டனை பெற்றவர்களில், பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோர் அமெரிக்கக் குடிமக்களே! சந்தேகம் வராத முகத்தையும், தொல்லை தராத பாஸ்போர்ட்டையும் தேடிப் பிடித்துத்தான் கடத்தல்காரன் கூலிக்கு அமர்த்துகிறான். முகத்தைப் பார்க்கும் சோதனை குற்றவாளியை விட்டுவிட்டு நிரபராதியை அவமானப்படுத்துகிறது. ஊடுகதிர்க் கருவிக்குப் பணக்காரக் கார், ஏழைக் கார் என்ற வேறுபாடு தெரியாது. ஆகவேதான் 'ஒன்று விடாமல்' என்ற அந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் எனக்கு நீதியாகவும் படுகிறது.

நம் விடுதியிலும் பாருங்கள். மாணவர் தலைவியின் பெட்டியும், புதிதாகச் சேர்ந்த சிறுமியின் பெட்டியும் அதே பெஞ்சில்தான் திறக்கப்படுகின்றன. அதனால்தான் இங்கே எவருடைய அப்பாவும் தலை குனிந்து நிற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான சோதனையில் அவமானம் இல்லை.

மறுப்புகள்

இதற்கு மறுப்பே இல்லையா? உண்டு. அவற்றையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

முதல் மறுப்பு காலதாமதம். எல்லா வாகனங்களையும் நிறுத்தினால் தக்காளி அழுகும், தொழிலாளி வேலைக்குப் பிந்துவான், நோயாளி வழியில் தவிப்பான். இது உண்மையான கவலையே. ஆகவேதான் வாகனத்தை நிறுத்திப் பிரிக்காமல், அதன் போக்கில் ஓட்டிச் செல்லும்போதே படம் எடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். சோதனையை விரைவாகச் செய்வதும் சட்டத்தின் கடமையே.

இரண்டாவது மறுப்பு செலவு. சட்டம் எழுதுவது எளிது. அதற்குப் பணம் ஒதுக்குவது கடினம். 2024 மார்ச் மாதத்தில், வாங்கப்பட்ட ஊடுகதிர்க் கருவிகள் பல, பொருத்துவதற்கு வேண்டிய சுமார் 30 கோடி டாலர் ஒதுக்கப்படாமையால் கிடங்கில் கிடக்கின்றன என்று அந்நாட்டு எல்லை அதிகாரிகளே தெரிவித்தனர். விளக்கை வாங்கிப் பரணில் போட்டுவிட்டு, வீடு இருட்டாக இருக்கிறதே என்று வருந்தினால் யார் குற்றம்? நாடாளுமன்றத்தில் கை தட்டி நிறைவேற்றிய சட்டம் எல்லை வாசலை எட்டும் வரையில் பாதிச் சட்டமே.

மூன்றாவது மறுப்பே மிக வலியது. "வாங்குபவன் இருக்கும் வரை விற்பவன் இருப்பான். ஒரு வாசலை அடைத்தால் மறு வாசலில் வருவான்" என்பது அது. அஞ்சல் வழி அடைபட்டதும் தரை வழி பெருகியதை நாமே கண்டோம். அமெரிக்காவில் இத்தகைய மரணங்கள் 2024-ல் சுமார் 80,000 ஆகக் குறைந்தன. அதற்குச் சோதனை மட்டுமே காரணம் என்று நான் கூறத் துணியமாட்டேன். மயங்கி விழுந்தவரை எழுப்பும் மாற்று மருந்து பரவலாகக் கிடைத்ததும், சிகிச்சை பெருகியதும் பெரிய காரணங்கள் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஆகவே எல்லைச் சோதனை பாதி வேலைதான். ஆனால் பாதி வேலை என்பதற்காக அதைச் செய்யாமல் விடலாமா? கூரை ஒழுகுகிறது என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டு எவராவது உறங்குவார்களா?

நம் நாட்டில்

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் குஜராத் மாநிலத்து முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்கள் பிடிபட்டன. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்தவை அவை. உள்ளே இருப்பது முகப் பவுடருக்கு உதவும் டால்க் கல் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தினர் திறந்து பார்த்தபோது இருந்தது 2,988 கிலோ ஹெராயின்!

நம் நாட்டில் தண்டனை குறைவா? போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-ல் வந்தது. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், பெரிய அளவில் இரண்டாம் முறை குற்றம் செய்வோருக்குக் கட்டாய மரண தண்டனை என்றுகூடக் கூறியது. 2014-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. இத்தனை கடுமைக்கும் அஞ்சாமல்தான் அந்த 2,988 கிலோ வந்தது. அதைத் தடுத்தது, அன்று கதவைத் திறந்து பார்த்த கண்கள்.

அதே சட்டத்தின் 50-ஆவது பிரிவை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், தம்மை ஒரு கெசட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துச் செல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது அதிகாரியின் கட்டாயக் கடமை என்று 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நல்ல சோதனைச் சட்டத்துக்கு இரண்டு கண்கள் வேண்டும். ஒன்று குற்றத்தைக் காண்பதற்கு. மற்றது சோதிக்கப்படுபவரும் மனிதர் என்பதைக் காண்பதற்கு.

சித்தியின் பெட்டி

கடைசியாக, என் எண்ணத்தை முற்றிலும் மாற்றிய நிகழ்ச்சி. என் சித்தி இரண்டாண்டுகளுக்கு முன் வீட்டு வேலைக்காகத் துபாய்க்குப் புறப்பட்டார்கள். சித்தப்பா இறந்தபின் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி இல்லை. பாட்டி ஆசையோடு மசாலாப் பொருள்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் பெட்டியைப் பார்த்த ஓர் அலுவலர் அதைத் திறக்கச் சொன்னார். சித்திக்குக் கை நடுங்கிவிட்டதாம்.

"இது என்னம்மா?"

"கசகசாங்க. குருமாவுக்கு அரைச்சுப் போடறது."

"அந்த ஊர்ல இதுக்குத் தடை இருக்கும்மா. கொண்டு போனீங்கன்னா ஜெயில்ல போட்டுடுவாங்க. எடுத்து வெச்சிட்டுப் போங்க."

ஆம், தோழியரே! நம் வீட்டுக் குருமாவில் போடும் கசகசா, அபின் தரும் செடியின் விதை என்பதால் வளைகுடா நாடுகள் பலவற்றில் தடை செய்யப்பட்ட பொருள். இது சித்திக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அலுவலர் பெட்டியைத் திறக்காமல், "பாவம், ஏழைப் பெண்" என்று இரக்கப்பட்டு அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மொழி தெரியாத ஊரில், சித்தி சிறையில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அன்று கடுமையான தண்டனைச் சட்டம் சித்தியைக் காப்பாற்றவில்லை. அதுதான் அவர்களை விழுங்கக் காத்திருந்தது! கவனமான சோதனையே காப்பாற்றியது.

கடத்தல் உலகில் சிக்கிச் சிறையில் வாடுவோர் பலர் முதலாளிகள் அல்லர். 'குருவி' என்று அழைக்கப்படும் கூலிகள்தாம். விமான டிக்கெட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் பெட்டி சுமப்பவர்கள். சிலருக்குத் தாம் சுமப்பது என்னவென்றே தெரியாது. குருவி கூண்டில் அடைபடுகிறது. அதைப் பறக்கவிட்டவன் அடுத்த குருவியைத் தேடிப் போகிறான். தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கூண்டுகள் நிறையுமே தவிரக் கடத்தல் குறையாது. புறப்படும் வாசலிலேயே சோதனை சரியாக இருந்தால், பல குருவிகள் பறக்கவே மாட்டா.

முடிவாக

ஆகவே நம் நாட்டில் சட்டம் இயற்றும் பெரியோர்களை, இன்னும் வாக்குரிமை பெறாத ஒரு மாணவி பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் எல்லைச் சாவடிகளுக்கும் நல்ல கருவிகளைக் கொடுங்கள். அவற்றைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பணம் ஒதுக்குங்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களை, பெண்கள் உட்பட, போதிய அளவில் பணியில் அமர்த்துங்கள். எல்லோரையும் ஒரே மாதிரி சோதியுங்கள். சோதிக்கும்போது மரியாதையாகப் பேசுங்கள். அதன் பிறகு தண்டனையைப் பற்றிப் பேசலாம்.

தோழியரே, நமக்கும் இதில் பங்கு உண்டு. அறிமுகமில்லாதவர் தரும் பொட்டலத்தை வாங்காதிருப்போம். வெளிநாடு செல்லும் உறவினருக்குத் தடை செய்யப்பட்ட பொருள்களைப் பற்றி எடுத்துச் சொல்வோம். மருந்துச் சீட்டு இல்லாமல் எவர் தந்த மாத்திரையையும் விழுங்காதிருப்போம். தோழி ஒருத்தி தவறான பழக்கத்தில் விழுந்தால், காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று அஞ்சி மௌனமாக இராமல், உரிய பெரியவரிடம் அழைத்துச் செல்வோம்.

வரும் ஜூன் மாதம் நான் இப்பள்ளியில் இருக்க மாட்டேன். வாசலில் அந்தப் பெஞ்சு இருக்கும். புதிதாக வரும் ஒரு சிறுமி பெட்டியைத் திறக்க வெட்கப்பட்டு நின்றால், பக்கத்தில் இருக்கும் அக்காமார்கள் உங்கள் பெட்டியை முதலில் திறந்து காட்டுங்கள். அவளும் தைரியமாகத் திறப்பாள்.